நிறம் சொல்லாத குதிரைக்குட்டி

ஜிர்கல் நகரத்தில் யாரும் செத்ததே இல்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். முற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கிழவர், பிரசவத்தில் போன பெண், வேலைக்குப் போய்த் திரும்பாத பையன் எல்லோரும் "மேலே" இருக்கிறார்கள். மேலே என்றால் மலை உச்சியில் இருக்கும் புல்வெளி. வியாழக்கிழமை மாலையானால் ஒவ்வொரு வீட்டிலும் மேற்குச் சுவர் வெளிச்சம் பெறும். மேலே போனவர்கள் அதில் வந்து நின்று, கன்னம் சிவக்கச் சிரித்து, சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா என்று விசாரிப்பார்கள். உயிரோடு மலையில் வேலை பார்ப்பவர்களும் அதே சுவரில்தான் வருவார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று பிரித்துக் கேட்பது அங்கே நாகரிகம் இல்லை. நாகரிகம் என்ற சொல்லை அந்த ஊர்க்காரர்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சுவரை நம்பாமல், "என் ஆள் செத்துவிட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லி அழுகிறவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆறுதல்காரர்கள் வருவார்கள். கம்பளிக் காலணி போட்டிருப்பதால் நடந்து வரும் சத்தமே கேட்காது. கையைப் பிடித்து, தோளைத் தடவி, ஆறுதல் இல்லத்துக்கு அழைத்துப் போவார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்போது அந்த ஆளே மனதை விட்டுப் போயிருப்பார். முகம், பேர், சண்டை, சிரிப்பு எதுவும் மிச்சமிருக்காது. திரும்பி வந்தவரிடம் யாரும் எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது. சுவரில் அந்த முகமும் அதற்குப் பிறகு வராது.

யாரையும் கயிறு கட்டி இழுத்து வந்து இங்கே அடைக்கவில்லை. கீழே பள்ளத்தாக்கில் ஆறு வற்றி, ஆடுகள் வாய் பிளந்து கிடந்தபோது, கிர்கிஸ் குடும்பங்கள் வரிசையில் நின்று கை தூக்கி ஓட்டுப் போட்டு வந்த ஊர் இது. பசி இல்லாத, குளிர் இல்லாத, துக்கம் இல்லாத ஊர். யாருக்குக் கசக்கும்?

அனார்கானும் கை தூக்கியவள்தான். அதற்கு முந்தின குளிர்காலத்தில் கணவனைப் பறிகொடுத்து, நாற்பதாம் நாள் வரை ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டிப்போனவள் அவள். இந்தக் கண்ணீர் என்னோடு ஒழியட்டும் என்று நினைத்துத்தான் கை தூக்கினாள். ஆறிப்போன பழைய துக்கத்தை ஜிர்கலில் யாரும் தொடுவதில்லை. அதனால் கணவனின் ஞாபகம் அவளிடம் பத்திரமாக இருந்தது. அவளுக்கு ஒரே மகன், எர்மெக். மலைமேல் பனிமேட்டில் வேலை. குளிர்காலத்தில் ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் மேலேற்றி, உறைய வைத்து, குன்றுபோலக் குவிப்பார்கள். கோடையில் அது உருகி வந்தால்தான் நகரத்துக்கே தண்ணீர். அவனுடைய முறை வரும் இலையுதிர்காலத்தோடு முடிகிறது. அவன் இறங்கி வந்ததும் கல்யாணம் செய்து வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் ஓர் ஓரம் முழுக்க மெத்தை தைத்து அடுக்கியிருந்தாள் அனார்கான். அந்த அடுக்கைப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

அவள் வேலை ஒட்டுக் கேட்பது. நகர அலுவலகத்தில் அதற்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். இருந்தாலும் வேலை அதுதான். எல்லா வீட்டுப் பேச்சையும் இயந்திரம் கேட்கும். சாவு, கல்லறை, அழுகை என்ற சொற்களை அது சட்டென்று பிடித்துவிடும். ஆனால் இந்த மக்கள் சாவுச் செய்தியை அந்தச் சொற்களால் என்றைக்குச் சொன்னார்கள்? செய்தி கொண்டுவருகிறவன் நேராகச் சொல்லவே மாட்டான். ஏரியை விட்டு அன்னம் பறந்துவிட்டது என்பான், கூடாரத்தின் நடுக்கம்பு சாய்ந்துவிட்டது என்பான். கேட்கிறவர்தான் புரிந்துகொண்டு, "அப்படியானால் என் மகன் போய்விட்டான்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். "நீங்கள்தான் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை" என்று வந்தவன் தலை குனிவான். அப்போதுதான் செய்தி முடியும், அழுகை தொடங்கும். இதைக் காதில் போடுவது என்பார்கள். இயந்திரத்துக்கு அன்னம் என்றால் அன்னம்தான். அதனால்தான் அனார்கான் போன்ற ஆள் தேவைப்பட்டது.

அதிலும் மரியாதை பார்த்தார்கள். யார் வீடு, யார் பேசுவது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. எல்லாக் குரலையும் ஒரே குரலாக மாற்றி, பேர்களை நீக்கித்தான் காதுக்கு அனுப்புவார்கள். அனார்கானுக்கு இதில் மன உறுத்தல் ஒன்றும் இல்லை. துடித்துக்கொண்டு போனவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கிறாளே! முள்ளை எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

கோடை முடியப்போகிற சமயம், ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பேச்சு வந்தது. மூன்று பேர். வெளியிலிருந்து வந்த இருவர், பெரியவர் என்பதால் அவர்கள் மரியாதையாக "பைகே" என்று கூப்பிட்ட வீட்டுக்காரர் ஒருவர்.

"வழியெல்லாம் சௌரியமா இருந்துச்சா?"

"இருந்துச்சு பைகே. ஒரு குதிரைக்குட்டி விஷயமா வந்தோம்."

"எந்தக் குட்டி?"

"உங்க மந்தையில பொறந்ததுதான். துடுக்குக் குட்டி. கட்டுல நிக்காது, யாரு சொன்னாலும் கேக்காது. ஆனா நல்ல மனசு. பனி இளகுற சமயம் பாருங்க, மத்ததெல்லாம் கரையிலயே நின்னுடுச்சு. இது மட்டும் முன்னால போச்சு. பனிக்கு வாய் இருக்கு பைகே. மேல நின்னு பாத்தா தெரியாது."

"ம்."

"கயிறு விட்டுப் பாத்தோம். எட்டல. எங்களக் கீழ இறங்க விட்டதே இப்பதான்."

கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தாய்க்குதிரை கீழதான் இருக்கு. அதுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலமானா சுவத்தப் பாத்துக் கனைச்சுக்கிட்டே நிக்குது. அதான் மனசு கேக்கல, வந்தோம்."

பிறகு வீட்டுக்காரர் சொன்னார்.

"அப்ப எங்க வீட்டுக் குட்டி இல்ல. போயிடுச்சு."

"நீங்கதான் சொன்னீங்க பைகே. நாங்க சொல்லல."

"தாய்க்குதிரைகிட்ட ஒத்தையாப் போகக் கூடாது. நாலு பேரச் சேத்துக்கிட்டுப் போவோம். இந்த வியாழனுக்குள்ள போயிடணும். இன்னொரு வியாழக்கிழமை அது சுவத்தப் பாத்துக் கனைக்கக் கூடாது."

அனார்கான் மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். இயந்திரம் இதைக் கால்நடை விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தது. அவளுக்கு ஏதோ இடித்தது. மூன்றாம் தடவை கேட்கும்போது பிடிபட்டது. இவ்வளவு நேரம் குட்டியைப் பற்றிப் பேசினார்களே, அதன் நிறத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லையே! செம்பழுப்பா, சாம்பலா, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உண்டா? இவள் இனத்தில் குழந்தைகூட முதலில் நிறத்தைத்தான் கேட்கும். நிறம் சொல்லாமல் குதிரையைப் பற்றிப் பேசினால் அது குதிரை இல்லை, மனுஷன். துக்கச் செய்தி என்று குறித்து அனுப்பிவிட்டாள்.

எந்த வீட்டுத் தாய் என்று அவள் யோசிக்கவில்லை. அது அவள் வேலை இல்லை. வியாழக்கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காத தாய் அந்த ஊரில் எந்த வீட்டில்தான் இருக்கிறாள்?

மேலதிகாரி மீரிம் ஓடி வந்தாள். சின்னப் பெண், சிரிக்கத் தெரிந்த பெண், அந்த ஊரை நிஜமாகவே நம்புகிற பெண். அனார்கானை அக்கா முறையில் "எஜே" என்பாள்.

"எஜே! இதப் போயிப் பிடிச்சிருக்கீங்களே! இயந்திரம் என்ன எழுதி வச்சிருக்கு தெரியுமா? கால்நடை டாக்டர அனுப்பவான்னு கேட்டிருக்கு!"

அனார்கான் விழுந்து விழுந்து சிரித்தாள். "நிறமே சொல்லாம குதிரையப் பத்தி இவ்வளவு நேரம் எந்தக் கிர்கிஸ்காரன்டி பேசுவான்? அவனுக்கு வயிறு வெடிச்சுடாது?"

"அத இயந்திரத்துக்கும் சொல்லிக் குடுத்துடுங்க எஜே."

"குடுத்தாச்சு. இனிமே நிறம் இல்லாத குதிரை எந்த வீட்டுல கால் வச்சாலும் மணி அடிக்கும்."

"ஆறுதல்காரங்க கிளம்பிட்டாங்க. பாவம், ரெண்டு நாள்ல அந்தப் பெரியவருக்கு மனசு லேசாயிடும்." மீரிம் மேசையில் சாய்ந்துகொண்டாள். "அது இருக்கட்டும், உங்க பையன் எப்படி இருக்கான்? இன்னும் திட்டுறானா?"

"அந்தக் காலம் மலையேறிப் போச்சு" என்றாள் அனார்கான். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "வசந்தகாலத்துல இருந்து ஆளே மாறிட்டான். அபா, உடம்பப் பாத்துக்கோங்க, அபா, நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு... வாயில தேன் ஒழுகுது போ. பொறுப்பு வந்துடுச்சு."

அது வாஸ்தவம்தான். முன்பெல்லாம் வியாழக்கிழமை என்றாலே சண்டைதான். அம்மாவை "அபா" என்று கூப்பிடும் அதே வாயால், சுவரில் வந்து நின்றதுமே ஆரம்பித்துவிடுவான். "வாங்க காதுக்காரி! இந்த வாரம் யாரு கண்ணீரத் திருடுனீங்க?" என்பான். "செத்தவனுக்கு அழவும் விடமாட்டீங்க, அப்புறம் எதுக்கு அபா இந்த வெந்நீரும் வெள்ளை ரொட்டியும்?" என்று கரித்துக் கொட்டுவான். இவளும் சும்மா இருக்க மாட்டாள். "உங்கப்பனுக்கு அழுதப்ப நீ சின்னப்பய, உனக்கென்னடா தெரியும்?" என்பாள். பாதிப் பேச்சில் கோபித்துக்கொண்டு வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் போய்விடுவான். அடுத்த வாரம் மன்னிப்பும் கேட்க மாட்டான், மறக்கவும் மாட்டான். அப்படிப்பட்டவன் பனி இளகும் சமயத்தில் சட்டென்று சாதுவாகிவிட்டான். தாய்மனம் அல்லவா, பிள்ளை திருந்திவிட்டான் என்றே எடுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்கு வேலை இல்லை. கல்முரத் தேநீருக்கு வருகிற நாள் அது. அவர் இறந்துபோன கணவனின் அண்ணன். அதே வரிசையில் நாலாவது கதவு. வீட்டு மருமகள் என்பதால் அவர் இவளை "கெலின்" என்றுதான் கூப்பிடுவார். இவளும் இத்தனை வருஷத்தில் அவர் பேரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை, "பைகே"தான்.

கைத்தடி சத்தம் முன்னால் வந்தது, குரல் பின்னால் வந்தது.

"கெலின்! தேநீர் இருக்கா, இல்ல உன் கஞ்சத்தனத்துக்கு இன்னைக்கும் வெந்நீர்தானா?"

"உங்களுக்கு வெந்நீரே அதிகம். உள்ள வாங்க பைகே."

உள்ளே வந்தவரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வழித்து விட்ட தாடை, புதினாச் சோப்பு வாசம், சுருக்கமெல்லாம் நீவி விட்டதுபோல் ஒரு முகம். ஆறுதல் இல்லத்திலிருந்து வந்தவர்களின் முகம் அது. பாவம், யாரைப் பறிகொடுத்தாரோ என்று அவள் மனம் கனத்தது. கேட்கக் கூடாது. ஆனால் சுற்றி வளைத்து விசாரிக்கலாம் அல்லவா? அவள் தொழிலே அதுதானே. அவர் மனைவியிலிருந்து தொடங்கினாள்.

"பாத்மா எஜே சௌக்கியமா?"

"அவளுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கா. ரெண்டு பேரும் ரெண்டு நாள் ஆறுதல் இல்லத்துல விருந்தாடிட்டு வந்தோம். எதுக்குப் போனோம்னு கேக்காத, எனக்கே தெரியாது. கொழுத்த ஆட்டுக்கறி போட்டான், தின்னோம், வந்தோம்."

"பொண்ணுங்க?"

"பெரியவ நேத்து வந்து என் சட்டையப் பாத்துத் திட்டிட்டுப் போனா. சின்னவளுக்குப் பல்வலி."

மாப்பிள்ளைகள், பேரன், பேத்தி என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். எல்லோரும் அவர் மனதில் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அனார்கானுக்கு மூச்சு வந்தது. யாரோ பழைய சிநேகிதராக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, வழக்கம்போல் கிண்ணத்தில் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

கல்முரத் உறிஞ்சிக் குடித்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மெத்தை அடுக்கில் அவர் கண் நின்றது. குபீரென்று சிரித்தார்.

"இத்தன மெத்தை யாருக்கு கெலின்? இந்த வயசுல மறுபடி கல்யாணமா? சொல்லவே இல்ல!"

"நல்ல வேளை, மாப்பிள்ளை பாக்கச் சொன்னா உங்களத்தான் அனுப்பணும். எர்மெக்குக்குத் தச்சது பைகே."

"எர்மெக்கா?" என்றார் அவர். "யாரு அது? பக்கத்து வீட்டுப் பையனா?"

அனார்கானின் கை தேநீர்ப் பாத்திரத்தின் மேல் நின்றுவிட்டது.

இந்த மனுஷன்தான் எர்மெக் முதல் முதலாக எழுந்து நின்ற அன்று, வழக்கப்படி அவன் காலில் கட்டிய கயிற்றைக் கத்தியால் வெட்டி, ஓடுடா என்று விட்டவர். மகன்கள் இல்லாதவர். எர்மெக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்க அலைந்தவர். அவர் மனதிலிருந்து எடுக்கப்பட்ட ஆள் எர்மெக். அப்படியென்றால் எர்மெக் உயிரோடு இல்லை. துடுக்குக் குட்டி, கட்டில் நிற்காத குட்டி, பனி இளகும்போது முன்னால் போன குட்டி. அந்த வீட்டுக்காரர் இவர். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வர இருந்தது இந்த வீட்டுக்கு. தாய்க்குதிரை தான்தான்.

அவர்களைப் பிடித்துக் கொடுத்ததும் தான்தான்.

"ஏன் கெலின், முகம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல பைகே. சூடு கைல பட்டுடுச்சு."

கேட்க வேண்டும்போல் இருந்தது. அந்த இருவரும் என்ன சொன்னார்கள், கடைசியாக அவன் ஏதாவது பேசினானா, உடம்பாவது கிடைத்ததா? கேட்டு என்ன பயன்? தெரிந்தவரின் நாக்கு இதோ எதிரில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு பையன்களும் இந்நேரம் மலைமேல் வேலை பார்த்துக்கொண்டு, எர்மெக் என்ற ஒருவன் பக்கத்தில் படுத்துத் தூங்கியது தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தன் மகனை இந்த உலகத்தில் அறிந்தவர்களில் எத்தனை பேரை ஒரே குறிப்பில் அழித்தோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

கல்முரத் எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று சொன்னார். "யாரோ எர்மெக், நல்ல பையனா இருந்தா சரி. கல்யாணத்துக்கு என்னையும் கூப்புடு. ஆட்டுத் தலைய எனக்குத்தான் வைக்கணும்."

அவர் போன பிறகு அவள் சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். எந்தப் பேச்சு கடைசிப் பேச்சு என்று தேடினாள். வசந்தகாலத் தொடக்கத்தில் ஒருநாள் பெரிய சண்டை. "நான் செத்தாலும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பிடுவீங்க அபா நீங்க" என்று கத்திவிட்டு வெளிச்சத்தை அணைத்தான். அடுத்த வியாழக்கிழமை சிரித்த முகமாக வந்து, "போன வாரம் கோபப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க அபா" என்றான். இவள் அன்றைக்கு அழாத குறைதான், அவ்வளவு சந்தோஷம். அடடா, மன்னிப்புக் கேட்கிற பிள்ளையா அவன்? அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா? குதிரைக்கு நிறம் இல்லை என்று பிடித்தவளுக்கு, பிள்ளைக்குக் கோபம் இல்லை என்று பிடிக்கத் தெரியவில்லையே! கோடை முழுக்க யாரிடம் மெத்தைத் துணியின் நிறம் கேட்டாள், யாரிடம் பார்த்து வைத்த பெண்ணின் பேரைச் சொல்லி வெட்கப்பட வைத்தாள்? தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

சுவரில் வெளிச்சம் வந்தது.

"அபா! எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

அதே முன்பல் இடைவெளி. அதே கலைந்த முடி. பின்னால் பச்சைப் புல்லும் வெயிலும்.

"சாப்பிட்டேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் எர்மெக். திங்கக்கிழமை மூணு பேரப் பிடிச்சுக் குடுத்தேன்."

"நல்லது அபா. உங்க வேலை ரொம்ப முக்கியமான வேலை."

"அதுல ஒருத்தர் உங்க பெரியப்பா."

"பெரியப்பாவ விசாரிச்சதாச் சொல்லுங்க."

"ஒரு சாவுக்கு அழ வந்தவங்க வாய நான் அடைச்சுட்டேன்டா. கேக்குதா?"

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க அபா. வெந்நீர் குடிச்சிட்டு நேரத்தோட படுங்க."

"திட்டுடா" என்றாள் அவள். எழுந்து சுவருக்கு அருகில் போய்விட்டாள். "ஒரே ஒரு தடவ திட்டுடா. காதுக்காரின்னு சொல்லு. கண்ணீர்த் திருடின்னு சொல்லு. கோச்சுக்கிட்டு அணைச்சிட்டாவது போடா!"

"உங்கள நான் ஏன் திட்டப்போறேன்?" என்று சிரித்தது அது.

சும்மா இருந்துவிடலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வாராவாரம் இந்த முகம் வரும், சாகிற வரைக்கும் வரும். இலையுதிர்காலத்தில் இறங்கி வராததற்கு ஒரு காரணம் சொல்லும், அடுத்த வருஷத்துக்கு இன்னொரு காரணம் சொல்லும். சொல்லிவிட்டால் இதுவும் போகும், நிஜமானவனும் மனதை விட்டுப் போவான். எதைத் தேர்ந்தாலும் நஷ்டம் அவளுக்குத்தான். ஆனால் அவன் பனிக்குள் கிடக்கிறான். வசந்தகாலத்திலிருந்து அவனுக்காக ஒரு தொண்டைகூடத் திறக்கவில்லை. நாய்க்குத்தான் அப்படி ஒரு சாவு. அழ வந்தவர்களை அடைத்தவளே அழாவிட்டால் வேறு யார் அழுவது?

தலைத்துணியை அவிழ்த்தாள். முடியைப் பிரித்து விட்டாள். கதவுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து, பெண்கள் உட்கார வேண்டிய விதத்தில் இடுப்பில் கை ஊன்றி உட்கார்ந்தாள். காதில் போட ஆள் இல்லை. அன்னத்தைப் பற்றிச் சொல்லவும், நடுக்கம்பைப் பற்றிச் சொல்லவும் ஆள் இல்லை. நேராகவே சொன்னாள்.

"என் பிள்ளை செத்துட்டான். எர்மெக் செத்துட்டான்."

"அபா, ஆறுதலுக்கு யாரையாச்சும் அனுப்பச் சொல்லட்டுமா?" என்று அவன் வாயாலேயே கேட்டது சுவர்.

அதன் குரலுக்கு மேல் அவள் குரல் எழுந்தது. கணவனுக்கு அழுத பிறகு தூங்கிப்போன குரல். முதலில் கரகரத்தது, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டது.

"என்னைத் திட்டின வாயே, பனி மூடின வாயே,
கட்டுல நிக்காத காலே, கயித்துக்கு எட்டாத காலே,
சேதி வந்த பாதையில கல்லப் போட்டவ நான்தானே,
அழ வந்த சனத்த எல்லாம் சிரிக்க விட்டவ நான்தானே,
உன்ன மாதிரி சிரிக்கிற ஒண்ணு என் முன்னால நிக்குதடா,
உன்ன மாதிரி கோபப்பட ஒருத்தரும் இல்லையடா..."

வரிசையில் ஜன்னல்கள் மூடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. யாரோ குழந்தையை உள்ளே இழுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? நேற்று வரை அவளும் அப்படித்தான் மூடியிருப்பாள்.

நாலாவது கதவு மட்டும் திறந்தது.

முதலில் ஒரு கூக்குரல். மலையில் கூடாரங்கள் இருந்த காலத்தில், துக்க வீட்டை நோக்கிக் குதிரையில் வரும் ஆண்கள் தூரத்திலிருந்தே எழுப்புகிற கூக்குரல். "என் ஈரக்குலையே! என் ஈரக்குலையே!" கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை வளைத்து, நடைபாதை முழுக்கக் கத்திக்கொண்டு கல்முரத் வந்தார். அவள் வாசலில் வந்து நின்றார். மூச்சு இரைத்தது. வழித்து விட்ட தாடையில் கண்ணீர் வழிந்தது.

"கெலின்! நமக்கு யாரு செத்தது? நீ பாடுறது காதுல விழுந்ததும் என் வாய் அதுவாக் கத்துது. யாருக்குன்னு தெரியாமக் கத்துது!"

அனார்கான் திரும்பவில்லை. ஒப்பாரிக்கு நடுவில் திரும்பக் கூடாது.

"உங்க தம்பி மகன் பைகே."

"என் தம்பிக்கு மகன் இருந்தானா?"

"இருந்தான். அவன் கால் கயித்த நீங்கதான் வெட்டி விட்டீங்க. உங்க தோள்ல ஏறித்தான் சந்தை பாத்தான். நீங்க செத்தா அவன்தான் இப்படித் தடி ஊனி அழணும்."

கிழவர் தன் கைகளைப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது.

"பேரு என்ன?"

"எர்மெக்."

"எர்மெக்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். பிறகு தடியைத் தரையில் ஓங்கி ஊன்றி, தொண்டை நரம்பு புடைக்க, மூடிய ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார். "எர்மெக்! என் ஈரக்குலையே! பெரியப்பன விட்டுட்டுப் போனியேடா!"

சுவரில் வெளிச்சம் அணைந்தது. நடைபாதையின் கோடியில் கம்பளிக் காலணிகள் வந்துகொண்டிருந்தன. அவை சத்தம் போடாது என்றாலும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து இந்தப் பேர் அவருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. மெத்தை அடுக்கைப் பார்த்து இது யாருக்குத் தைத்தது என்று தானே கேட்பாள். ஆனாலும் அவள் பாட்டைச் சுருக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டியது முறை, அங்கிருந்தே தொடங்கினாள்.

வாசலில் யாரோ கனிவான குரலில், "வாங்க பெரியவரே, களைச்சுட்டீங்க" என்றார்கள்.

கல்முரத் நகரவில்லை. தடியைக் கதவுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்று கெஞ்சினார். "இப்பதான் பேரு தெரிஞ்சுது. இன்னும் அழுது முடிக்கல."